கிவிப் பழக் கொடியும் அதன் பயிர்ச்செய்கையும்

கிவி என்ற பெயரால் கடைகளில் விற்கப்படும் பழம் கோழிமுட்டைப் பருமனுள்ளது. பழுப்பு நிறத் தோலின்மேல் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். குறுக்கே அறுத்தால், பச்சை நிறச் சதையின் நடுவே வெண்மையான தண்டும், அதனைச் சூழ்ந்து கடுகினும் சிறிய கருவிதைகளும் காணப்படும். நியூஸீலந்து தேசத்துப் பறவையொன்றின் பெயரைத் தாங்கியிருப்பதால், அத்தேசமே இதன் பிறப்பிடமெனப் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. சீன தேசத்தில் யாங்ட்ஸி நதிப் பிரதேசத்து மலைக்காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடியே இது. சீனர் இதற்கு வழங்கும் பெயர் ‘குரங்குப் பீச்’ என்று பொருள்படும். இப்பொழுதுள்ள பெயர் 1959-ஆம் ஆண்டில், அமெரிக்கச் சந்தையை உத்தேசித்து நியூஸீலந்து வியாபாரிகளால் இடப்பட்டது. தாவர நூலார் இதனை ஆக்டினிடியா டெலிசியோசா என்பர்.

இக்கொடியைப் பயிரிட விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பதே. பனையில் ஆண் பனையும் பெண் பனையும் தனித்தனியே இருத்தல் போன்றது இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டுப் பரவிய செடிகள் ஆண் கொடிகளாகவே அமைந்துவிட்டமையால், அவை தோட்டத்துக்கு அலங்காரமாயினவேயன்றிப் பயன் தரவில்லை. நியூஸீலந்தின் கதை வேறு. இஸபெல் பிரேஸர் என்னும் தலைமையாசிரியை 1904-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து கொணர்ந்த விதைகளில் இருபாற் செடிகளும் முளைத்தன; 1910-இல் அவை காய்த்தன. ஒரு பிடி விதையில் நேர்ந்த இவ்வேறுபாடே ஒரு தேசத்துக்குப் பெரும் ஏற்றுமதித் தொழிலை அளித்தது எனலாம்.

பூக்களைக் கொண்டன்றிப் பாலை அறிதல் அரிது. இலையும் தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெண் பூவின் நடுவே சூலகமும், அதன் உச்சியில் சக்கரத்தின் ஆரங்களைப் போல் விரிந்த வெண்ணிறச் சூல்தண்டுகளும் உள்ளன. சூலகத்தைச் சுற்றிக் கேசரங்களும் இருக்கும். இவற்றைக் கண்டு ‘இப்பூ தானே கருவுறும்’ என்று எண்ணலாகாது. அவற்றின் மகரந்தம் மலடு. ஆண் பூவில் மஞ்சட் கேசரங்கள் நிறைந்திருக்க, சூலகம் பெயரளவில் மட்டும் காணப்படும். இரண்டிலும் தேன் சுரப்பதில்லை. ஆதலால் தேனீக்கள் அருகில் வேறு பூக்கள் இருப்பின் அவற்றையே நாடும். பூக்காலத்தில் தோட்டத்துக்குள் தேனீப் பெட்டிகளைப் போதிய அளவு கொணர்ந்து வைத்தல் அவசியம். நன்கு கருவுற்ற காயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும்; விதை குறைந்தால் காயும் சிறுத்துப்போகும்.

எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி என்ற விகிதத்தில், ஆண் கொடியைச் சுற்றிப் பெண் கொடிகள் அமையுமாறு நடுதல் வழக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவேண்டும். பெரும் பழமளிக்கும் ஹேவர்டு ரகம் தாமதித்துப் பூப்பது. முந்திப் பூக்கும் ஆண் கொடியால் அதற்கு நன்மையில்லை. டொமூரி என்னும் ஆண் ரகம் அதற்கு ஏற்றது. விதையிலிருந்து எழுந்த நாற்றுக்களை வாங்குவோர், பூக்கும் வரை பல ஆண்டுகள் பந்தலும் நீரும் எருவும் செலவிட்ட பின்னரே தாம் வளர்த்தது இன்னதென அறிவர். ஆகவே, பாலும் ரகமும் தெரிந்த ஒட்டுச் செடிகளையே வாங்குக. முன்னரே ஆண் கொடியின்றி நட்டுவிட்டவர்கள் தோட்டத்தை அழிக்க வேண்டியதில்லை. பெண் கொடிகள் சிலவற்றின் கிளையில் ஆண் போத்தை ஒட்டுக்கட்டிப் பயன்பெறலாம்.

அடுத்து வேண்டியது குளிர். ஹேவர்டு ரகத்துக்குக் குளிர்காலத்தில் 45 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழ் ஏறக்குறைய 700 முதல் 800 மணி நேரமேனும் தேவை. இல்லையேல் மொட்டுகள் சரிவர விழிக்கமாட்டா. பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் நட்ட கொடிகள் காய்க்காமற் போனமைக்கு இதுவே காரணம் எனப்படுகிறது. 1963-ஆம் ஆண்டில் சிம்லாவில் நட்டவையோ 1969-இல் காய்த்தன. இன்று ஹிமாசலப் பிரதேசத்திலும், அருணாசலப் பிரதேசத்தின் ஸிரோ முதலிய இடங்களிலும் 3,000 முதல் 6,000 அடி உயரத்தில் இது பயிராகிறது. சமவெளியில் இதனை நட்டு வீண் செலவு செய்தல் தகாது.

நீர் தேங்காத, மட்கு மிகுந்த மண் வேண்டும். தேக்கத்தில் வேர் அழுகும்; அகன்ற இலைகளாதலால் வறட்சியையும் தாங்காது. இளந்தளிர்கள் காற்றில் எளிதில் முறியும், பின்பனியில் கருகும். காற்றுத்தடுப்பு மரங்கள் நலம். கொடிக்குக் கொடி 15 முதல் 20 அடி இடைவெளி விட்டு, உறுதியான பந்தலிலோ கம்பிகளிலோ படரவிடுக. சென்ற ஆண்டுக் கிளைகளிலிருந்து இவ்வாண்டு தோன்றும் தளிர்களிலேயே பூ வரும். ஆகையால் பெண் கொடிகளைக் குளிர்காலத்தில் கவாத்துச் செய்து, காய்த்த பழங் கிளைகளை நீக்கிப் புதியனவற்றை விடவேண்டும். ஆண் கொடிகளைப் பூத்து முடிந்தவுடன் வெட்டலாம். நான்காம் ஐந்தாம் ஆண்டில் காய்ப்புத் தொடங்கும்.

நாற்று வாங்கும் இடத்தில் நோயில்லை என்று உறுதி செய்துகொள்ளல் வேண்டும். 2010-ஆம் ஆண்டில் நியூஸீலந்தில் தோன்றிய ஒருவகைப் பாக்டீரியா நோய், மஞ்சட்சதைத் தோட்டங்கள் பலவற்றை வேரோடு அகற்றச் செய்தது.

காய்களைக் கெட்டியாயிருக்கும்போதே பறிப்பர். உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சியில் அவை பல மாதங்கள் கெடாதிருக்கும். உண்பதற்குச் சில நாள் முன்பு வாழைப்பழத்துடன் ஒரு பாத்திரத்தில் மூடிவைத்தால் விரைவில் கனியும். வைட்டமின் ஸி இதில் மிகுதி. இதிலுள்ள ஆக்டினிடின் என்னும் பொருள் புரதத்தைச் சிதைப்பது. கடின இறைச்சியை மிருதுவாக்க இது உதவும். ஆனால் பச்சைப் பழத்தைப் பாலிற் கலந்து வைத்தால் பால் கசக்கும். ஜெலட்டின் இட்ட ஜெல்லியும் உறையாது. பழத்தைச் சிறிது வேகவைத்துச் சேர்த்தால் இத்தொல்லை இராது.