டிப்பர் லாரியும் தவணைக் கடனும்: கோவா தரும் படிப்பினை

நம் நாட்டில் சரக்கு லாரித் தொழில் பெரும்பாலும் ஓரிரு வண்டிகளை உடைய சிறு உரிமையாளர்களின் கையில் உள்ளது. கனிமங்களை ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரித் தொழிலிலும் இத்தகையோர் பலர். அத்தொழிலின் வளத்தையும் இடரையும் ஒருங்கே காட்டுவது கோவாவின் அனுபவமாகும்.

வருவாயின் அடிப்படை

பிச்சோலிம், சத்தாரி, சாங்கெம் வட்டாரங்களில் வெட்டப்படும் இரும்புத் தாது, மாண்டவி, சுவாரி ஆற்றங்கரைத் துறைகளுக்கு லாரிகளில் வந்து, பார்ஜ் எனப்படும் சரக்குப் படகுகள் மூலம் மர்மகோவா துறைமுகத்தை அடைகிறது. இடைப்பட்ட சாலைப் பயணத்திற்கென உள்ளூர் மக்கள் பலர் வங்கிக் கடன் பெற்று லாரி வாங்கினர்.

வாடகை, சரக்கின் எடையையும் தொலைவையும் பொறுத்தது. திரும்பும்போது லாரி வெறுமையாகவே வருகிறது. டீசலும் டயர்த் தேய்மானமும் இரு வழிக்கும் உண்டு, கூலியோ ஒரு வழிக்கே. ஆகவே நாளொன்றுக்கு எத்தனை நடை என்பதே இலாபத்தை முடிவு செய்கிறது. மழைக்காலத்தில் வேலை நின்றுவிடுவதால், எட்டு மாத வருவாயில் பன்னிரண்டு மாதத் தவணையைக் கட்ட வேண்டும். அளவுக்கு மீறிச் சுமையேற்றி ஈடுசெய்யவும் வழியில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஒரே சரக்கு

ஒரு கன மீட்டர் இரும்புத் தாது இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ளது. எனவே தாது லாரியின் தொட்டி சிறிதாக அமைகிறது. அதில் நிலக்கரியை நிரப்பினால், ஏற்றத்தக்க எடையில் பாதியும் தேறாது. தாது நின்றால் வேறு சரக்கிற்கு மாறுவது எளிதன்று.

அந்நிலை 2012-இல் வந்தது. சட்டவிரோதச் சுரங்கப் பணி குறித்த விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து செப்டம்பரில் மாநில அரசும், அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பணிகளை நிறுத்தின. 2014-இல் ஆண்டுக்கு 2 கோடி டன் என்ற வரம்புடன் அனுமதி கிடைத்தது. 2018 பிப்ரவரியில் 88 குத்தகைகளின் புதுப்பிப்பு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. மார்ச்சு 16 முதல் பணி மீண்டும் நின்றது. ஏலமுறையில் புதிய குத்தகைகள் வழங்கப்பட்ட பின்னர், 2024-இல் பிச்சோலிமில் பணி தொடங்கியது.

இயற்கை வளத்தையும் சட்டத்தையும் காக்கும் நடவடிக்கை தேவையானதே. ஆயினும் குத்தகை முறைகேட்டில் பங்கில்லாத லாரிக்காரரின் தவணை நிற்கவில்லை. மாநில அரசு கடன் நிவாரணத் திட்டம் வகுக்க நேர்ந்தது.

செய்ய வேண்டுவன

கடன் வழங்கும் வங்கிகள், வண்டியின் விலையோடு சுரங்கக் குத்தகை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். தவணைகளை வேலை நடைபெறும் மாதங்களுக்கேற்ப அமைக்கலாம். பிற சரக்குகளுக்கேற்பத் தொட்டியை மாற்றியமைக்கவும் கடன் அளிக்கலாம். லாரி வாங்குவோரும் முதல் நடைக்கு முன்பே, இச்சரக்கு நின்றால் அடுத்து எதை ஏற்றுவது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.