உஷார்! ஞாயிற்றுக்கிழமை வீரர்களே, நெஞ்சு பத்திரம்!

திங்கள் முதல் சனி வரை நாற்காலியை விட்டு எழாதவர், ஞாயிறு காலையில் டர்ஃபுக்குப் போய் இரண்டு மணி நேரம் பந்து துரத்துகிறார். "அண்ணனுக்கு இன்னும் இளமை போகலை" என்று பையன்கள் உசுப்பேற்றுகிறார்கள். அண்ணனும் இன்னும் ரெண்டு ரன் ஓடுகிறார். அங்கேதான் ஆபத்து!

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1993-ல் வெளியானது. வாரத்தில் 5 தடவைக்குக் குறையாமல் உடற்பயிற்சி செய்பவருக்கு, கடுமையாக உடலை வருத்தும்போது மாரடைப்பு வரும் அபாயம் 2.4 மடங்கு கூடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவைகூடச் செய்யாதவருக்கு? 107 மடங்கு! ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த ஒரு மணி நேர அபாயம் மிகச் சிறியது என்பதால், எத்தனை மடங்கு கூடினாலும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட் என்று ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர் அந்தத் தைரியத்தில் இருக்கக் கூடாது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு சத்தமில்லாமல் படிந்திருக்கும். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று ஓடும்போது ரத்த அழுத்தம் எகிறுகிறது, அட்ரினலின் பாய்கிறது. அந்தக் கொழுப்புப் படிவில் விரிசல் விழுந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. தினமும் நடப்பவரின் இதயமோ ஒரே துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகியிருக்கும். குழாய்களும் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும்.

'அப்படியானால் ஓடவே வேண்டாம், சோபாவே பத்திரம்' என்று கிளம்பிவிடாதீர்கள். அது இன்னும் மோசம். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் 1953-லேயே காட்டிவிட்டார். பிறகு சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார். ஒல்லியோ குண்டோ, கண்டக்டர்கள் பக்கமே நிலைமை தேவலையாக இருந்தது. 'நான் ஒல்லி, எனக்கு ஒண்ணும் வராது' என்பவர்கள் கவனிக்க! மோரிஸ் 99 வயது வரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இந்தியாவில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த 150 நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை.

சும்மா இருந்தவர் முதலில் சில வாரம் நடந்து பழகட்டும், ஓட்டம் அப்புறம். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை, பி.பி. உள்ளவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு பார்த்தவர் எல்லாம் டாக்டரைப் பார்த்துவிட்டே ஜிம்முக்குப் பணம் கட்டுங்கள். காய்ச்சலோடு விளையாடவே விளையாடாதீர்கள். வைரஸ் இதயத் தசையையும் தாக்கியிருக்கலாம். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காமல் சில நிமிடம் மெல்ல நடங்கள். இல்லாவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும்.

எல்லாவற்றிலும் பெரிய எமன், 'வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்' என்ற பேச்சு. நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால் ஆட்டத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாக, அசாத்தியக் களைப்பாக வரலாம். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழகத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊர் நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.