'தி டாக்': அமெரிக்காவில் கறுப்பின பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பாடம் என்ன?

போலீஸ் வண்டியை நிறுத்தச் சொன்னா, ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல தெரியணும். சட்டுனு பாக்கெட்ல கை விடக்கூடாது. எதிர்த்துப் பேசக்கூடாது. ஓடவே கூடாது.

அமெரிக்காவில் கறுப்பின பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். இதற்குப் பெயர் 'தி டாக்'. மற்ற வீடுகளில் இந்தச் சொல், வளரும் பிள்ளைகளிடம் பாலியல் பற்றிப் பேசுவதைக் குறிக்கும். கறுப்பின வீடுகளில் உயிரோடு வீடு திரும்புவது எப்படி என்பதையும் சேர்த்துக் குறிக்கும்.

ஏன் இந்தப் பயம்?

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 14 சதவீதம். ஆனால் சிறைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். 10 வயதைத் தாண்டிய கறுப்பின சிறுவர்களை, அதே வயது மற்ற சிறுவர்களைப் போல அப்பாவிகளாக மக்கள் பார்ப்பதில்லை என்கிறது 2014-ல் வெளியான ஓர் ஆய்வு. அதாவது, குழந்தையைக் குழந்தையாகவே பார்ப்பதில்லை.

தமிர் ரைஸுக்கு என்ன நடந்தது?

2014 நவம்பர் 22. ஒஹாயோ மாநிலம் கிளீவ்லேண்டில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்தான் 12 வயது தமிர் ரைஸ். அது பொம்மையாக இருக்கலாம், கையில் வைத்திருப்பது சிறுவனாக இருக்கலாம் என்று போனில் தகவல் கொடுத்தவரே சொல்லியிருந்தார். அந்த விவரம் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வந்து இறங்கிய சுமார் 2 விநாடிகளில் காவலர் சுட்டார். மறுநாள் சிறுவன் உயிரிழந்தான். காவலர் மீது வழக்குத் தொடர கிராண்ட் ஜூரி மறுத்தது. 2016-ல், குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் இழப்பீடு தர நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

சொன்னபடி கேட்டால் தப்பிக்கலாமா?

2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்பவரின் காரைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். 32 வயதான இவர் பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். அதற்கு உரிமமும் இருந்தது. அதை எடுக்கவில்லை என்றும் சொன்னார். ஆனாலும் காவலர் 7 முறை சுட்டார். பின் சீட்டில் 4 வயதுச் சிறுமி இருந்தாள். 2017-ல் அந்தக் காவலர் விடுதலையானார்.

போலீஸ் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று மகனுக்குச் சொல்லித்தான் வளர்த்ததாக காஸ்டிலின் தாய் பின்னர் கூறினார்.

அப்புறம் ஏன் சொல்லித் தர வேண்டும்?

இந்தக் கேள்வி அங்கேயும் இருக்கிறது. பயிற்சி பெற்ற காவலர் பதறலாம், ஆனால் 12 வயதுப் பிள்ளை பதறக்கூடாதா என்று கேட்கிறார்கள் விமர்சகர்கள். சொன்னால் பிள்ளை பயந்து வளரும். சொல்லாமல் விட்டால், என்ன செய்வதென்று தெரியாமல் துப்பாக்கி முன் நிற்கும்.

அதனால்தான் பெற்றோர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: பேசாமல் இருக்கவும், வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்கவும் உனக்கு உரிமை இருக்கு. ஆனா அந்த இடத்துல நின்னு வாதாடாத. முதல்ல வீட்டுக்கு வா, நியாயத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.