லண்டன் போட்ட தடை கேமன் தீவில் செல்லுமா? ஒரு சின்னத் திருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு ரஷ்யக் கோடீஸ்வரரை பிரிட்டன் தடைப் பட்டியலில் சேர்க்கிறது. லண்டன் வங்கியில் இருக்கும் அவரது கணக்கு உடனே முடங்கிவிடும். சரி, பணம் லண்டனில் மட்டும்தான் இருக்குமா? கேமன் தீவில் ஒரு முதலீட்டு நிதி, பிரிட்டிஷ் வர்ஜின் தீவில் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனி பெயரில் ஒரு சொகுசுப் படகு என்று இருந்தால்?

2022-ல் ஜிப்ரால்டரில் பிடிபட்ட 'ஆக்ஸியோமா' படகு அப்படிப்பட்டதுதான். தடைக்கு உள்ளான ரஷ்யத் தொழிலதிபர் டிமிட்ரி பம்பியான்ஸ்கியுடன் தொடர்புடையது என்று சொல்லப்பட்ட அந்தப் படகு, வர்ஜின் தீவுக் கம்பெனி ஒன்றின் பெயரில் இருந்தது. கடன் கொடுத்த வங்கி கோர்ட்டுக்குப் போனதால் அதே வருடம் ஏலத்துக்கு வந்தது.

பிரிட்டனுக்கு இப்படி 14 கடல்கடந்த பிரதேசங்கள் இருக்கின்றன. இவை பிரிட்டனின் பகுதி கிடையாது. மக்கள் வாழும் பெரும்பாலான தீவுகளுக்குத் தனி அரசு உண்டு. லண்டன் நாடாளுமன்றத்துக்கு அவர்கள் ஓட்டுப் போடுவதில்லை. ஆனால் வெளியுறவும் பாதுகாப்பும் லண்டன் கையில். அதனால் தடை விஷயத்தில் தீவுகள் தனி வழி போக முடியாது.

பெர்முடாவும் ஜிப்ரால்டரும் தாங்களே சட்டம் போட்டு பிரிட்டனின் தடைகளை அமல்படுத்துகின்றன. மற்ற தீவுகளுக்கு 2018-ம் ஆண்டு தடைச் சட்டத்தின் கீழ் பிரிவி கவுன்சில் வழியாக மன்னரின் உத்தரவு போகும். ரஷ்யாவுக்கான உத்தரவு 2020-ல் வந்தது. லண்டன் விதிகள் அவ்வப்போது மாறினாலும், மாறிய வடிவத்திலேயே தீவுகளுக்கும் பொருந்தும் என்கிறது அது.

அப்படியென்றால் தனியாகத் திருத்தம் எதற்கு?

லண்டன் விதியில் 'நிதித்துறை' என்று இருக்கும். கேமன் தீவில் பிரிட்டன் நிதித்துறை ஆபீஸ் ஏது? அந்த இடத்தில் 'கவர்னர்' என்று மாற்ற வேண்டும். கோர்ட், சுங்கத்துறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். லண்டன் புதுசாக ஒரு விதி சேர்க்கும்போது, அது தீவில் யார் கையில் போகும் என்று எழுதியாக வேண்டும். உக்ரைன் போர் தொடங்கியதும் 2022-ல் லண்டன் விதிகளை அடுத்தடுத்து மாற்ற, தீவுகளுக்கான உத்தரவும் கூடவே திருத்தப்பட்டது. படிக்க சுவாரசியமே இல்லாத வேலை. ஆனால் இது தாமதமானால், தடை காகிதத்தில் இருக்கும், அதைச் செயல்படுத்த ஆள் இருக்க மாட்டார்.

சிக்கல் லைசென்ஸில்தான் அதிகம். முடங்கிய பணத்திலிருந்து வக்கீல் ஃபீஸோ குடும்பச் செலவோ எடுக்க அனுமதி வேண்டும். லண்டன் கொடுக்கும் அனுமதி தீவில் செல்லாது. தீவுக் கணக்குக்கு அந்தத் தீவின் கவர்னர்தான், பிரிட்டன் அமைச்சரின் சம்மதத்தோடு, தனியாகத் தர வேண்டும். ஒரே ஆள், ஒரே பட்டியல், இரண்டு மனு. இது தெரியாமல் லண்டன் அனுமதியைக் காட்டித் தீவில் பணத்தை நகர்த்தினால், அதுவே குற்றமாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரிய கேள்வி பாக்கி: கம்பெனிக்குப் பின்னால் இருப்பது யார்? உரிமையாளர் பெயரை யாரும் பார்க்கும்படி பதிவேடு திறக்கச் சொல்லும் பிரிவும் அதே 2018 சட்டத்தில் இருக்கிறது. தீவுகள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் குறித்த 2020 டிசம்பர் கெடு முடிந்தபோது, மக்கள்தொகையைவிட பல மடங்கு கம்பெனிகள் பதிவான வர்ஜின் தீவில் அப்படியொரு பதிவேடு திறக்கப்படவே இல்லை.