உறங்கும்போது உழைக்கும் தாடை

துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தனர் என்பது தமிழர் பேச்சில் வழங்குந் தொடர். மனத்தின் பாரம் தாடையில் இறங்கும் என்னும் உண்மை அதனுள் அடங்கியிருக்கின்றது.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே அமைந்த முள்ளிவாய்க்கால், 2009 மே மாதத்திற் போரின் இறுதி நாள்களைக் கண்ட ஊர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில், நூற்றுக்கு 32 பேருக்கு மேல் மனப்பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்திருந்தோரிடையே அத்தொகை 48 ஆயிற்று. இத்தகைய பதற்றம், விழித்திருக்கையில் தாடையை இறுக்கும் வழக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. உறக்கத்திற் பல் நெருடுவதோ, மூளை கணநேரம் விழிப்பை நோக்கி எழும்பும்போது பெரும்பாலும் நிகழ்வது. உறங்குபவர் அதனை அறியார்.

காலையில் தாடை கனக்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். பல்லின் தேய்வைக் கண்டு வைத்தியர் ஐயுறலாம். ஆயின் தேய்வு பழங்கதையையே கூறும். நேற்றிரவு நடந்ததைக் கூறாது. நெடுங்காலம் வெற்றிலை பாக்கு மென்றவர் பற்களும் தேய்ந்திருக்கும்.

இக்குறையை நீக்க உதவுவதே உடலில் அணியுங் கருவி. தசை சுருங்கும்போது நுண்ணிய மின்னலைகள் தோன்றும். கன்னத்திலோ நெற்றிப்பொட்டிலோ ஒட்டப்படும் மின்வாய்கள் அவற்றை இரவு முழுதும் பதிவு செய்கின்றன. தாடை எத்தனை முறை, எவ்வளவு நேரம், எத்துணை வலுவோடு இறுகியது என்பது காலையிற் புலனாகும். ஆய்வுகூடத்தில் ஓரிரவு தங்குதல் வன்னிக் கிராமத்தவர்க்கு எளிதன்று. இக்கருவியையோ தம் வீட்டுப் பாயிலேயே அணிந்து உறங்கலாம்.

எனினும் விழுங்குதல், இருமல், உறக்கப் பேச்சு ஆகியவையும் அலைகளை எழுப்பும். ஒலியும் காட்சியும் உடன் பதியும் உறக்க ஆய்வின் துல்லியம் இதற்கில்லை. மேலும், 2018இல் பன்னாட்டு வல்லுநர் வெளியிட்ட இணக்க அறிக்கையின்படி, நலமுள்ள ஒருவரிடத்துத் தோன்றும் பல் நெருடல் நோயன்று. தீங்கு விளைவிக்கக்கூடிய ஒரு நடத்தையே. ஆதலின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு சிகிச்சையைத் தீர்மானித்தல் ஆகாது.

இரவில் அணியும் பற்காப்பு உறை தேய்வைத் தடுக்கும், காரணத்தை நீக்காது. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் சில மருந்துகளே நெருடலை மிகுவிப்பதும் உண்டு. அதற்காக நோயாளர் அவற்றைத் தாமே நிறுத்துதல் ஆபத்து. உட்கொள்ளும் மருந்துகளையும் உறக்கக் குறைவையும் பல் வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். அவரும் மனநல வைத்தியரும் கலந்து முடிவு செய்தல் நன்று. சொத்தையற்ற பல்லை வலிக்காகப் பிடுங்கியபின், தாடைத் தசையே வலித்ததென அறிவதால் இழந்த பல் மீளாது.