பாட்டுக்கு மட்டும் வாய்ப்பூட்டு

யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி இப்படியொரு பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜிகினா, புகைமூட்டம், மூன்று நிமிஷப் பாட்டு, அவ்வளவுதானே. எனக்கும் அந்தப் பாட்டுகள்மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. மேடை போடுகிறவன் யார், அதில் அவனுக்குக் கிடைப்பது என்ன என்பதுதான் என் அக்கறை.

1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது இது. நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். கணக்குப்படி போட்டியிடுவது அரசுகள் அல்ல, ஒலிபரப்பு நிறுவனங்கள். இந்த வருஷம் ஜெயித்தவர் அடுத்த வருஷம் தன் ஊரில் நடத்த வேண்டும் என்பது வழக்கம். இதோடு இன்னொன்றும் உண்டு: போட்டிக்குள் அரசியல் வரக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘அரசியல் கூடாது’ என்பது யாருடைய வாயைக் கட்டுகிறது, யாருடைய வாயைத் திறந்துவிடுகிறது என்பது புரியும்.

2005இல் கீவ் நகரில் நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஆரஞ்சுப் புரட்சி. உக்ரைன் சார்பில் பாடத் தேர்வானது அந்தப் போராட்டக் களத்திலேயே பாடப்பட்ட பாட்டு. அதில் யுஷ்சென்கோவின் பெயர் வருகிறது, அரசியல் வாடை அடிக்கிறது என்று வரிகளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். இறுதிப் போட்டி முடிந்ததும் வெற்றி பெற்ற கிரேக்கப் பாடகிக்குப் பரிசு கொடுக்க மேடையேறியவர் யார்? அதே யுஷ்சென்கோ, நாட்டின் அதிபராக. பெயர் பாட்டில் வந்தால் அரசியல், ஆளே வந்தால் சம்பிரதாயம். நாலு வருஷம் கழித்து மாஸ்கோவில் போட்டி. புடினின் பெயரைச் சிலேடையாக வைத்துக் கிண்டல் செய்த ஜார்ஜியாவின் பாட்டை மாற்றச் சொன்னார்கள். ஜார்ஜியா மறுத்து விலகிக்கொண்டது. இறுதிப் போட்டி நடந்த அதே நாள், 2009 மே 16, ஒருபால் உறவினரின் உரிமைக்காகத் தெருவில் கூடியவர்களை மாஸ்கோ போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அது போட்டிக்கு வெளியே நடந்ததாம்.

யார் பேசலாம், எந்த இடத்திலிருந்து பேசலாம் என்கிற ஃபூக்கோவின் கேள்வியை இங்கே கொண்டுவருவது ஒன்றும் வலிந்து செய்வதல்ல. பேச்சை ஒழுங்குபடுத்தும் விதி பாடகருக்கு உண்டு. மேடைக்குச் சொந்தக்காரருக்கு அது அனேகமாக இல்லை.

இதன் முழு வடிவத்தைப் பார்க்க பாகுவுக்குத்தான் போக வேண்டும். 2011 மே மாதம் டுசல்டார்ஃபில் அசர்பைஜான் ஜெயித்தது. எண்ணெய்ப் பணம் கையில் இருந்தது, மண்டபம் இல்லை. கடலை ஒட்டி, 162 மீட்டர் கொடிக்கம்பம் நின்ற கொடிச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெர்மன் நிறுவனத்தை வைத்து ‘கிரிஸ்டல் ஹால்’ என்று ஒன்றைச் சில மாதங்களில் எழுப்பிவிட்டார்கள். ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் அதிபரின் மனைவி. இடைவேளையில் பாடியவர் அதிபரின் அப்போதைய மருமகன். நம் ஊர்க் கல்யாண வீட்டில்கூட இவ்வளவு சொந்தக்காரர்களை மேடையில் பார்க்க முடியாது.

ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மேடையை மாற்ற நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் ‘அஞ்சலட்டை’ என்று ஒரு குறும்படம் ஓடும். சுமார் 40 விநாடி. பாகு இறுதிப் போட்டியில் 26 பாட்டுகள். கூட்டிப் பார்த்தால் பதினேழு நிமிஷம். மலை, கடல், நெருப்பு, புதுக் கட்டடம். ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர். கோடிக்கணக்கான கண்களுக்கு முன்னால் ஓர் அரசு பதினேழு நிமிஷம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்வது அரசியல் இல்லையென்றால் வேறு எதைத்தான் அரசியல் என்பது?

அந்தப் படங்களில் வராதது, இடிபட்ட வீடுகள். கொடிச் சதுக்கத்தை ஒட்டிச் சாலைக்கும் பூங்காவுக்குமென்று குடியிருப்புகளைக் காலி செய்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012 பிப்ரவரியில் இதை விரிவாகப் பதிவு செய்தது. வீட்டின் வயசு, நிலைமை எதையும் பார்க்காமல் சதுர மீட்டருக்கு ஒரே விலை. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே இடிப்பு. பாட்டுப் போட்டிக்கும் இடிப்புக்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. காகிதத்தில் அது சரியாகவே இருக்கட்டும். வீடு போனவருக்கு எந்தக் கோப்பில் போச்சு என்பதா முக்கியம்?

உள்ளூர்ச் செயல்பாட்டாளர்கள் செய்தது இங்கே கவனிக்க வேண்டியது. ‘ஜனநாயகத்துக்காகப் பாடு’ என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். புறக்கணியுங்கள் என்று கேட்கவில்லை; வருகிறவர்கள் எங்களையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது. மேடை கட்டினவனுக்குத்தான் மேடை என்றாலும், வெளிச்சத்தை ஒரு மூலைக்கு மட்டும் அடிக்க முடியாதே. ஸ்வீடன் பாடகி லோரீன் அவர்களைப் போய்ச் சந்தித்தார். அரசுத் தரப்புக்குக் கோபம் வந்தது. போட்டியில் ஜெயித்ததும் அவர்தான். இறுதி இரவில் ஜெர்மனியின் மதிப்பெண்ணை வாசிக்க வந்த ஆங்க்கே எங்கெல்கே, ஓட்டுப் போட முடிவதும் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருப்பதும் நல்ல விஷயம், ஐரோப்பா உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற பொருளில் நேரலையில் சொல்லிவிட்டார்.

பார்த்துக்கொண்டிருந்தது எத்தனை நாளைக்கு? அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய ரசூல் ஜாஃபரோவ், 2015இல் பாகுவில் நடக்கவிருந்த ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியையொட்டி இன்னொரு பிரச்சாரத்துக்குத் தயாரானார். 2014 ஆகஸ்டில் கைது. 2015 ஏப்ரலில் ஆறரை வருஷச் சிறை. ஜூனில் விளையாட்டுப் போட்டி ஜோராகத் தொடங்கியபோது அவர் உள்ளே இருந்தார். 2016 மார்ச்சில் மன்னிப்பில் வெளியே வந்தார். மனித உரிமைப் பணிக்காக அவர் வாயை அடைக்கவே இந்தக் கைது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்புச் சொன்னது. ஜூனில் பாகு வீதிகளில் முதல் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்தது.