மாட்டுங்காவின் தரைத்தளம்

தமிழர்கள் குடியேறித் தங்கள் ஊராக்கிக்கொண்ட மும்பையின் ஒரு மூலை. பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடும் இந்த நேரத்தில் அங்கே நம் கையைவிட்டுப் போவது எது?

மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு ஊரை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வறுபடும் காப்பிக்கொட்டையின் மணமும் கட்டிவைத்த கதம்பத்தின் மணமுமே சொல்லிவிடும். லட்சுமி நாராயண் சந்தில் வாழைத்தண்டு, வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, மாவடு, நார்த்தங்காய் என்று மும்பையின் மற்ற சந்தைகளில் தேடினாலும் அகப்படாதவை குவிந்து கிடக்கும். தலைவாழை இலை, வெற்றிலை, முழம் போட்டு விற்கும் மல்லிகை, விசேஷத்துக்கு மாவிலைத் தோரணம் எல்லாம் அங்கேயே. நான்கு தப்படி நடந்தால் இட்லி, இன்னும் நான்கு தப்படியில் கோயில், அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம்.

மாட்டுங்கா என்றதும் பத்திரிகைகள் சாப்பாட்டைத்தான் எழுதும். எழுதட்டும், அந்த உடுப்பி போர்டிங்குகளின் இலைச்சாப்பாட்டுக்கு அது தகும். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கடைகள் எண்பது ஆண்டு தாண்டியும் அதே இடத்தில் நிற்பதற்கு ருசி மட்டுமே காரணமில்லை. அவற்றுக்கு அடியில் ஒரு நகரத் திட்டம் இருக்கிறது. ஒரு வாடகைச் சட்டம் இருக்கிறது. மாத முதல் வாரத்தில் சம்பளம் வாங்கிக் கடைசி வாரத்தில் கையைப் பிசைந்த குமாஸ்தாக்கள் கொடுத்த சந்தா இருக்கிறது. இப்போது அசைக்கப்படுவது இந்த மூன்றும்தான்.

கொள்ளைநோய்க்குப் பின் ஒரு வரைபடம்

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான பேட்டைகளில் தொடங்கிய நோய், காற்றும் வெளிச்சமும் நுழையாத அறைகளில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. நகரத்தைக் கொஞ்சம் வடக்கே விரித்துப் போட்டாலொழிய மீட்சியில்லை என்று உணர்ந்த ஆங்கிலேய அரசு, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளின் வயல்களையும் சதுப்பு நிலங்களையும் கையகப்படுத்தி, குடியிருப்புக்கென்றே அந்த டிரஸ்ட் திட்டம் போட்டது. இந்தியாவில் முன்கூட்டியே வரைபடம் போட்டு எழுப்பிய தொடக்ககாலப் புறநகர்களில் மாட்டுங்காவும் ஒன்று.

அந்த வரைபடத்தின் அருமை இன்று நடந்து பார்த்தாலும் தெரியும். அகலத் தெருக்கள், இரு பக்கமும் நடைபாதை, நடைபாதை நெடுக மரங்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று போக இடைவெளி. பெரும்பாலான கட்டடங்கள் தரைத்தளமும் மேலே இரண்டு மூன்று மாடிகளும்தான். நடுவில் ஐந்து தோட்டங்கள். ஃபைவ் கார்டன்ஸ் என்றால்தான் டாக்ஸிக்காரருக்கும் புரியும். பக்கத்திலேயே தாதர் பார்சி காலனி. டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி வற்புறுத்திக் கேட்டு, நடுத்தர வருவாய்ப் பார்சிகளுக்காக 103 மனைகளை ஒதுக்க வைத்தார். அங்கே தெருக்களில் அவர் முன்னின்று நடுவித்த மரங்களின் நிழலில்தான் மாட்டுங்காவின் முதியவர்கள் இன்றும் காலை நடை போகிறார்கள்.

தெருப் பெயர்களைப் பாருங்கள். தெலங் சாலை, பண்டார்கர் சாலை, பாவ் தாஜி சாலை. மூவரும் மேற்கிந்தியாவின் பெரும் அறிஞர்கள். கல்விக்கும் இந்த இடம் பேர்போனது. இன்று வி.ஜே.டி.ஐ. என்று அறியப்படும் தொழில்நுட்பக் கல்லூரி 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. ரூயா கல்லூரி, கால்சா கல்லூரி இரண்டும் 1937-இல் வந்தன. வேதிப் பொறியியலில் உலகப் புகழ் பெற்ற ஐ.சி.டி. 1943-இல் இங்கே குடிவந்தது. வீட்டு வாசலில் கல்லூரி இருந்ததால் பஸ் கட்டணம்கூட இல்லாமல் பட்டம் வாங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

டைப்ரைட்டிங் பாஸ், பம்பாய் மெயில்

மனைகள் தயாராகிக் கட்டடங்கள் எழுந்த 1920களிலும் 30களிலும் தெற்கிலிருந்து ஆட்கள் வந்து கொண்டிருந்தார்கள். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி. கையில் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழ்கள். கோட்டைப் பகுதியின் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் ரயில்வே அலுவலகங்களுக்கும் இங்கிலீஷ் கடிதத்தைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. முதலில் தனி ஆளாக வந்து, நாலைந்து பேராக ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். வேலை நிலைத்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். பிறகு தம்பி வந்தான், மச்சினன் வந்தான், பக்கத்து வீட்டுப் பையனும் வந்தான்.

வந்தவர்களுக்கு இங்கே வாய்த்தது அதுவரை அறியாத ஒரு வாழ்க்கை. ஊரில் வீடு என்றால் திண்ணை, முற்றம், கொல்லை. இங்கேயோ மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தால் ஓர் அறை, சமையலறை, அதை ஒட்டியே குளியலறையும் கழிப்பறையும். கழிப்பறையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆசாரம் காப்பது எப்படி என்று குடும்பங்கள் தவித்த காலம் அது. மாட்டுங்காவின் அடுக்ககங்களைப் பற்றி நூல் எழுதிய வரலாற்றாய்வாளர் நிகில் ராவ், இந்தியாவில் நடுத்தர வர்க்கத்தின் ஃபிளாட் வாழ்க்கை உருவான இடங்களில் ஒன்றாகவே இதைக் காண்கிறார். சாதியும் மொழியும் ஊரும் வேறு வேறாக இருந்தவர்கள், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியதால் தங்களைத் தென்னிந்தியர் என்று சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதும் அவர் எடுத்துக்காட்டும் செய்தி. கன்னடக்காரர் வீட்டுப் பிசிபேளாவும் பாலக்காட்டு வீட்டு எரிசேரியும் படிக்கட்டு வழியே கைமாறின.

இந்தச் சித்திரம் முழுமையானதில்லை என்பார்கள் சிலர். தண்டவாளத்தைத் தாண்டி தாராவியிலும் லேபர் கேம்பிலும் வாழ்ந்த உழைப்பாளித் தமிழருக்கு இந்த ஃபிளாட்டுகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. அதுவும் உண்மைதான்.

சந்தாவில் எழுந்த ஊர்

மாட்டுங்காவில் பணக்காரர் குறைவு, ரசீதுப் புத்தகம் அதிகம். ஒரு பள்ளி வேண்டுமா, பத்துப் பேர் கூடி ரசீது அடித்து வீடு வீடாகப் படியேறினார்கள். 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக மாட்டுங்காவில் பள்ளி நடத்தியது. அது 1960-இல் சயானில் கல்லூரியாகவும் விரிந்து, இன்று நவி மும்பை வரை கிளைவிட்டிருக்கிறது. அதில் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர் அல்லர். நம்மவர் கொடுத்த சந்தா ஊருக்கே பள்ளிக்கூடமானது பெருமைதானே!

ஆஸ்திக சமாஜமும் தென்னிந்திய பஜனை சமாஜமும் இப்படித்தான் எழுந்தன. ராமநவமி, ராதா கல்யாணம், மார்கழி பஜனை என்று ஆண்டு முழுவதும் அங்கே ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள் 1950களில் தொடங்கிய பிள்ளையார் விழாவுக்கு இன்று மும்பை முழுவதிலுமிருந்து கூட்டம் வருகிறது. 1952-இல் பிறந்த ஸ்ரீ சண்முகானந்தா சபை, 1963-இல் நாட்டின் மிகப் பெரிய கலையரங்குகளில் ஒன்றைக் கட்டி முடித்தது. 1990-இல் தீப்பிடித்து அரங்கம் சேதமானபோதும் சோர்ந்து உட்காராமல் மறுபடி எழுப்பினார்கள். சென்னைக்கு வெளியே கர்நாடக இசைக்கு இத்தனை பெரிய வீடு வேறெங்கே இருக்கிறது?

சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு இவ்வளவும் எப்படி முடிந்தது? பக்தி, கலை ஆர்வம், ஊர்ப்பாசம் என்று அடுக்கலாம். என் பதில் வேறு: வாடகை குறைவு.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாள் என்ன வாடகையோ அதையே அடிப்படையாக வைத்தது. சம்பளம் ஏறியது, விலைவாசி ஏறியது, வாடகை மட்டும் ஏறவில்லை. சம்பளத்தின் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டாத குமாஸ்தா, மிச்சத்தில் பிள்ளையைப் படிக்க வைத்தார், பெண்ணுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார், சபாவுக்குச் சந்தா கட்டினார். தரைத்தளத்துக் கடைக்காரரும் அதே சட்டத்தின் நிழலில்தான் இருந்தார். காப்பிப்பொடிக் கடையும் இலைச்சாப்பாட்டு போர்டிங்கும் பாத்திரக் கடையும் மூன்று தலைமுறை நீடித்தது அதனால்தான். வீட்டுச் சொந்தக்காரர்கள் இதனால் நொந்துபோனார்கள், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட வாடகை போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000-த்தில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு வழி செய்தது. ஆனால் பக்டி என்னும் முன்தொகை கொடுத்துக் குடியேறிய பழைய வீடுகளின் வாடகை இன்றும் சந்தை வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது.

போனவர்கள் திரும்பி வரும் ஊர்

1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பிய கொந்தளிப்பு பலருடைய நெஞ்சில் அச்சத்தை விதைத்தது. ஆனாலும் மாட்டுங்காவின் தமிழ்க் கூட்டம் கலைந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் இட நெருக்கடி. கல்யாணமான பிள்ளைக்கு ஓர் அறை வீட்டில் ஏது இடம்? செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று குடும்பங்கள் நகர்ந்தன. விட்டுப்போன வீடுகளுக்குக் குஜராத்தி, கச்சி வணிகக் குடும்பங்கள் வந்தன. இன்று பல கட்டடங்களின் பெயர்ப்பலகையில் அவர்களே அதிகம்.

ஆனாலும் மாட்டுங்கா தமிழர் கையைவிட்டுப் போய்விடவில்லை. டோம்பிவிலியில் கல்யாணம் நிச்சயமானால் பட்சணத்துக்கும் பூவுக்கும் மாட்டுங்காவுக்குத்தான் ரயில் ஏறுகிறார்கள். கொலு பொம்மை, ஆவணி அவிட்டத்துப் பூணூல், பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, தீபாவளி மருந்துக்கான சாமான் எல்லாவற்றுக்கும் மும்பைத் தமிழருக்குத் தலைநகரம் இதுதான். இறங்குகிற ரயில் நிலையமும் பெருமைக்குரியது. 2017-இல் நிலைய மேலாளர் முதல் டிக்கெட் கொடுப்பவர் வரை பெண்களே நடத்தும் நிலையமாக அது மாறியது. குடியிருப்பவர் குறைந்தும் ஊர் பிழைத்திருக்கிறதென்றால், அதைத் தாங்கி நிற்பது மாடிகள் அல்ல, தரைத்தளம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அடுத்து நடப்பதன் தீவிரம் புரியும்.

டவர் வரட்டும், கடை எங்கே?

தெருவுக்குத் தெரு தகரத் தடுப்பும் கிரேனும் தெரிகின்றன. எண்பது, தொண்ணூறு வயதான கட்டடங்களை இடித்துவிட்டு டவர் கட்டும் வேலை வேகம் பிடித்துவிட்டது. குடியிருப்போரில் பாதிக்கு மேல் சம்மதித்தால் போதும். அவர்களுக்கு இலவசமாகப் புது வீடு, பில்டருக்கு விற்க மேல்மாடிகள். மழைக்காலத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழும் வீட்டில், லிஃப்ட் இல்லாமல் முட்டி வலியோடு மூன்று மாடி ஏறும் முதியவர்களை இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல முடியாது. அவர்களுக்கு நல்ல வீடு கிடைக்கட்டும்.

என் கவலை அந்த டவரின் காலடியைப் பற்றியது. மேலே முப்பது மாடி வரும்போது கீழே கார் நிறுத்த நாலைந்து அடுக்கு தேவைப்படுகிறது. தெருவைப் பார்த்துக் கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும், காவலர் அறையும், கார் ஏறி இறங்கும் சரிவும் வருகின்றன. கார் போக நடைபாதை உடைபடுகிறது. சுவரோரம் கூடை வைத்துப் பூ விற்றவரைக் காவலர் நகரச் சொல்கிறார்.

கடைக்காரருக்கும் புதிய கட்டடத்தில் அதே பரப்பளவு உண்டு என்கிறது விதி. ஆனால் கட்டி முடிக்கும்வரை சில ஆண்டுகள் கடையை மூடிவைத்தால் வாடிக்கை என்னாகும்? மாவு அரைக்கிறவரும் இலை போடுகிறவரும் வேறு பிழைப்புத் தேடிப் போன பிறகு யாரை வைத்துத் திறப்பது? திறந்தாலும் பராமரிப்புக் கட்டணம் என்று மாதாமாதம் வரும் தொகையை, காப்பியும் பொங்கலும் விற்று எத்தனை நாள் கட்ட முடியும்? வாரிசுகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த இடத்தை வங்கிக்கோ நகைக்கடைக்கோ விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடித்தூரைச் சுற்றி சிமென்ட் பூசிவிட்ட மரம் எத்தனை உயரமானாலும் பட்டுத்தான் போகும். மாட்டுங்காவுக்கு நேரக்கூடியது அதுதான்.

கோயிலும் சபாவும் அப்படியே இருக்குமே என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. மார்கழிக் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர் நடந்துபோய்க் காப்பி குடிக்க இடமில்லை என்றால், பஜனைக்கு வருகிற மாமிக்கு வழியில் பூ கிடைக்கவில்லை என்றால், டோம்பிவிலியிலிருந்து அவர்கள் எதற்காக வருவார்கள்? இப்போதே நல்ல கோயில்களும் அரங்குகளும் அவரவர் பேட்டையிலேயே வந்துவிட்டன. மாட்டுங்காவை மற்ற பேட்டைகளிலிருந்து வேறாக்கியது எல்லாம் ஒரே நடையில் அடங்கியிருந்ததுதான். அந்த நடை அறுந்தால் மிஞ்சுவது ஒரு விலையுயர்ந்த முகவரி மட்டுமே.

இதைத் தடுக்கப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள்வரை பேரம் பேசும் பலம் குடியிருப்போர் கையில்தான் இருக்கிறது. இப்போது அவர்கள் பேசுவதெல்லாம் கூடுதல் சதுர அடி, இடைக்கால வாடகை, கார் நிறுத்துமிடம். அந்தப் பட்டியலில் இன்னும் மூன்றைச் சேர்க்கட்டும்: தெருவைப் பார்த்த தரைத்தளம் கடைகளுக்கே; பழைய கடைக்காரர் கட்டுமானக் காலத்தில் அதே தெருவில் தொழில் நடத்தத் தற்காலிக இடம்; கடைகளுக்குத் தனியாக, குறைந்த பராமரிப்புக் கட்டணம். சமாஜங்களும் சபாக்களும் இதை உரக்கச் சொன்னால் மறுக்க எந்த பில்டரும் தயங்குவார். நூறு ரூபாய்ச் சம்பளத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், பல கோடி பெறும் வீடு கைக்கு வரும்போது ஒரு காப்பிக் கடைக்காகவும் ஒரு பூக்கூடைக்காகவும் வாதாட வேண்டும். கட்டடம் ஒருமுறை எழும்பிவிட்டால் பிறகு எந்த ரசீதுப் புத்தகத்தைக் கொண்டும் அந்தத் தெருவை மீட்க முடியாது.